கன்னியப்பன் ரத்தத்தில் ஊதா

கன்னியப்பன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். அதுதான் இப்போது பெரிய தலைவலி.

"ஆமா சார். நான்தான். இன்னொரு மாத்திரை எடுத்து முழுங்கிட்டேன். ஆசையா இருந்துச்சு" என்றான், கையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தபடி.

ஆஸ்பிரின் மாத்திரைக்கு ஆசைப்பட்ட மனிதனை கிரேசி அதுவரை பார்த்ததில்லை. ஜாங்கிரிக்கு ஆசைப்படலாம். கசக்கிற வெள்ளை வில்லைக்கு யார் ஆசைப்படுவார்கள்?

"கேட்டுக்கிட்டியாம்மா?" புரொடக்‌ஷன் மேனேஜர் நரசிம்மன் டைப் செய்த தாளை மேஜைமேல் தள்ளினார். "அவனே சொல்லிட்டான். கையெழுத்துப் போடு. முதலாளி நாலு மணிக்கு வரார்."

தாளில் இருந்தது இரண்டே வரி. ஆறாவது ஆளான கன்னியப்பன் மாத்திரை திருடித் தின்றதால் அவன் ரத்தப் பரிசோதனை கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. அவனும் வேலையிலிருந்து நீக்கப்படுகிறான். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் நரசிம்மன் ஏற்கெனவே போட்டிருந்தார், வால் நீண்ட கையெழுத்து.

போட்டால் கிரேசி பிழைத்தாள். கன்னியப்பன் தெருவில் நிற்பான். போடாவிட்டால் கன்னியப்பனோடு கிரேசியின் ஒரு வருஷ வேலையும் தெருவுக்குப் போகும்.

"எப்ப முழுங்கின, கன்னியப்பா?" என்றாள் கிரேசி.

"காலைல மேடம்."

"காலைலயா? அப்ப ரத்தத்துல ஒண்ணும் கூடலையே."

"அப்ப மத்தியானம்."

"மத்தியானம் எத்தனை மணிக்கு?"

"நீங்க எப்போ சொல்றீங்களோ அப்போ மேடம்" என்றான் கன்னியப்பன் பரம மரியாதையாக.

கிரேசி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுவதுபோல் தலைமுடியில் செருகிக்கொண்டாள். "நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க சார்."

"எதுக்கு? அவன்தான் ஒத்துக்கிட்டானே."

"அவன் ஒத்துக்கிட்டான் சார். கோடு ஒத்துக்கலை."

*

1979. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், நெல் வயலுக்கு நடுவே இரண்டு ஷெட். அதுதான் கோதண்டம் கெமிக்கல்ஸ். ஒரு ஷெட்டில் மூட்டுவலிக்கு முழுங்குகிற மாத்திரை. இன்னொன்றில் அதே மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலம். வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெயில் செய்த தைலம் அது. மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் முழுக்கத் தும்முவார்கள். அதற்கப்புறம் மூக்கு ராஜினாமா செய்துவிடும். அந்தக் காம்பவுண்டுக்குள் யாருக்கும் எந்த வாசனையும் தெரியாது. கேன்டீனில் சாம்பார் ஊசிப்போனதைக் கூட கலர் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

கிரேசி கணிதத்தில் எம்.எஸ்ஸி. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். முதலாளி கோதண்டம் பம்பாயில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, வெளிநாட்டில் மருந்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து, வந்த வேகத்தில் அவளை வேலைக்கு எடுத்தார். அவள் அறைக் கதவில் 'கணக்கு' என்று எழுதியிருந்ததால், முதல் மாசம் தைல ஷெட் ஆட்கள் எல்லோரும் ஓ.டி. பணம் ஏன் குறைந்தது என்று அவளிடம்தான் வந்து சண்டை போட்டார்கள்.

நரசிம்மனின் வழி வேறு. புது மாத்திரை வேண்டுமா? ஒரு கொப்பரை கலக்கு, கடித்துப் பார், சரியில்லை என்றால் இன்னொரு கொப்பரை. இருபது வருஷமாக அவர் பல்தான் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம்.

முதலாளி கேட்டது நாள் முழுக்க வலி தாங்குகிற ஒரே மாத்திரை. காலையில் ஒன்று போட்டால் ராத்திரி வரை வேலை செய்ய வேண்டும். மாத்திரை எவ்வளவு மெதுவாகக் கரைய வேண்டும்? அதைத்தான் கிரேசி கணக்குப் போட்டாள்.

"புரியற மாதிரி சொல்லும்மா" என்று முதலாளி கேட்டபோது, அவள் பஸ்ஸைச் சொன்னாள்.

"உடம்பு ஒரு பஸ் சார். மருந்து பயணி. வாய் வழியா ஏறும். ஈரலும் சிறுநீரகமும் இறக்கிவிடும். கூட்டம் அதிகமா இருந்தா ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிறைய பேர் இறங்குவாங்க. கூட்டம் கம்மின்னா கொஞ்சம் பேர்தான் இறங்குவாங்க. சாதா மாத்திரைன்னா ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டுல ஒரே தள்ளுமுள்ளா எல்லாரும் ஏறிடறாங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் இறங்கியாச்சு, பஸ் காலி, முட்டி வலிக்குது. நம்ம மாத்திரைல ஆளு கொஞ்சம் கொஞ்சமா ஏறணும். இறங்கறவனுக்குச் சரியா ஏறறவனும் இருந்தா, பஸ் எப்பவும் ஒரே கூட்டமா ஓடும்."

முதலாளி மேஜையைத் தட்டிச் சிரித்தார். "என் வாழ்க்கைல முதல் தடவையா கணக்கு புரியுது. இவ்ளோ நாளா பஸ் இல்லாமதான் எனக்குப் புரியலை போல."

கணக்குப்படி நரசிம்மன் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாத்திரை செய்தார். ஆறு தொழிலாளர்கள் முன்வந்தார்கள்: ஒரு நாள் சம்பளத்தோடு கட்டில், பால், அவித்த முட்டை. நேற்று காலையில் ஆளுக்கு ஒன்று முழுங்கினார்கள். நர்ஸ் லூர்தம்மாள் அன்று முழுக்க விட்டுவிட்டு ரத்தம் எடுத்தாள். ரத்தத்தைத் தெளியவைத்து, மேலே நிற்கிற தெளிவில் இரும்பு உப்புக் கரைசலை விட்டால், உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறதோ அவ்வளவுக்கு ஊதா நிறம் வரும். மருந்து அதிகம் என்றால் கத்திரிப்பூ. குறைவு என்றால் நீர் கலந்த ஊதா மை.

ஐந்து பேரின் புள்ளிகள் கிரேசி முன்கூட்டியே போட்டு வைத்திருந்த கோட்டின்மேல் வரிசையாக உட்கார்ந்தன. அவள் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தாள். யாரும் பார்க்கவில்லை என்பது அவள் நம்பிக்கை.

ஆறாவது ஆள் கன்னியப்பன். காலையில் கோட்டின்மேல்தான் இருந்தான். மத்தியானம் கோட்டை விட்டுக் கிளம்பினான். சாயங்காலம் அவன் குழாய் பழுத்த நாவல்பழம் மாதிரி நின்றது.

*

நரசிம்மன் போனதும் கிரேசி பெருக்கல் வகுத்தல் போடுகிற நகரும் அளவுகோலை, ஸ்லைடு ரூலை, எடுத்தாள்.

சோதனை மாத்திரைகள் லூர்தம்மாளின் தகர டப்பாவில் பூட்டிக் கிடந்தன, ஒன்றும் குறையவில்லை. ஆகவே அவன் திருடியிருந்தால் ஷெட்டிலிருந்து சாதா மாத்திரையைத்தான் திருடியிருக்க வேண்டும். சாதா மாத்திரை ரத்தத்தில் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். பென்சிலால் போட்டுப் பார்த்தாள். கூர்மையான கோபுரம். கன்னியப்பனின் புள்ளிகளில் கோபுரமே இல்லை. மாட்டுவண்டி மேட்டில் ஏறுவதுபோல் மெதுவாக ஏறி, ஏறிக்கொண்டே இருந்தது. இறங்குகிற எண்ணமே அதற்கு இல்லை.

ஒரு மாத்திரையைக் கடலை கொறிப்பதுபோல் துளித்துளியாகச் சாயங்காலம் வரை கடித்துத் தின்றால் மட்டுமே அப்படி ஒரு கோடு வரும். எதிர்க்கட்டிலில் லூர்தம்மாள் உட்கார்ந்திருக்க, அது நடக்கிற காரியமா?

"சிஸ்டர், நேத்து அவன் வெளிய எங்கயாவது போனானா?"

"ஒருவாட்டி கக்கூஸ் போறேன்னு போனான்மா" என்றாள் லூர்தம்மாள், பஞ்சைப் பிய்த்தபடி. "போனவன் போனவன்தான். நான் ஜெபமாலையே சொல்லி முடிச்சிட்டேன். திரும்பி வரும்போது வேர்த்துக் கொட்டிக்கினு வந்தான். இன்னாடா இதுன்னு கேட்டா, மலச்சிக்கல்னு சொல்றான். அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?"

"ஏதாவது சாப்பிட்ட மாதிரி இருந்துச்சா? வாசனை ஏதாவது?"

"இங்க எனக்கு ஏதும்மா மூக்கு?"

கிரேசி கோட்டை மறுபடி பார்த்தாள். படிக்கட்டு வழியாக ஏறவில்லை. கண்டக்டர் பார்க்கவில்லை. ஆனால் பஸ்ஸில் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. எப்படி?

"கன்னியப்பன் எங்க இப்ப?"

"மேனேஜரு வூட்டுக்குப் போன்னுட்டாரே. கூட்டுரோட்டுல பஸ்ஸுக்கு நிப்பான்."

கிரேசி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

*

ஸ்ரீபெரும்புதூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கிரேசி ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தொற்றினாள். கன்னியப்பன் நடுப்பக்கம் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தி ஒரு கோழிக்கூடைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். ஆறடி ஆளைக் கோழிக்கூடை எவ்வளவு மறைக்கும்?

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"யோவ், மருந்து கம்பெனி, பின்னாடி போய்யா. உன்ன ஏத்தினா பஸ்ஸுல யாருக்கும் கண்ணு தொறக்க மாட்டேங்குது."

"நான் மட்டுமா? அந்தம்மாவும் மருந்து கம்பெனிதான்" என்றான் கன்னியப்பன்.

கண்டக்டர் கிரேசியை மோந்துபார்க்காமல் மோந்துபார்த்தார். "அந்தம்மா மேல லேசா வருது. உங்க தைல லைனு ஆளுங்க மேல கையில மட்டும் வரும். டிக்கெட்டு காசு வாங்கினா என் கை நாறும். நீ அப்டியா? உச்சந்தலைலேந்து உள்ளங்காலு வரைக்கும் தைலத்துல முக்கி எடுத்த மாதிரி கீற. நாலு நாளா இதே ரோதனை. அந்த ஜன்னலத் தொறங்கப்பா."

யாரோ ஜன்னல் பலகையைத் தூக்கினார்கள். அதே நொடியில் பஸ் அடுத்த ஸ்டாப்பில் நிற்க, அங்கே காத்திருந்த ஒருவர் அந்த ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்தார். துண்டுக்குப் பின்னாலேயே அவர் தலை வந்தது, பிறகு தோள்.

கிரேசி அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஜன்னல்" என்றாள். "படிக்கட்டுல ஏறலை. ஜன்னல் வழியா ஏறியிருக்கு."

"எவன்மா ஜன்னல்ல ஏறினவன்?" என்று கண்டக்டர் விசிலோடு திரும்பினார்.

வின்டர்கிரீன் எண்ணெயும் ஆஸ்பிரினும் ஒரே குடும்பம். உடம்புக்குள் போனால் இரண்டும் ஒரே பொருளாக மாறும். இரும்பு உப்பு இரண்டுக்கும் ஒரே ஊதாவைத்தான் காட்டும். தோலில் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும், கழுவினாலும் நிற்காது. மாட்டுவண்டி மேட்டில் ஏறுவதுபோல. உடம்பெல்லாம் தேய்த்து, வெயிலில் வேர்த்தால், கேட்கவே வேண்டாம்.

"கன்னியப்பா, நேத்து கக்கூஸ் போறேன்னு போய் உடம்பெல்லாம் எதுக்குத் தைலம் தேய்ச்ச?"

கன்னியப்பன் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தான். தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொண்டான். பிறகு குனிந்து அவள் காதருகில் சொன்னான்.

"சடுகுடு மேடம்."

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். கம்பெனி டீமுக்கும் வல்லம் வடகால் டீமுக்கும். எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர்களில் கன்னியப்பன்தான் கம்பெனி டீமின் முதல் பாட்டுக்காரன். பாய்லர் ரூம் பின்னால் மணலில் பயிற்சி. ஆடுவதற்கு முன்னால் தைல லைனில் தட்டில் வழிந்து நிற்கிற சுத்த எண்ணெயைக் கொண்டுவந்து ஒருத்தருக்கொருத்தர் தேய்த்துவிடுவார்கள். பிடிக்கிறவன் கை வழுக்கும், சுளுக்கும் வராது. கம்பெனி டீமில் எல்லோருக்கும் அது பழக்கம். அதை யாரும் மருந்து என்று நினைப்பதே இல்லை.

"லூர்தம்மா சிஸ்டரு வேறொண்ணும் துன்னக்கூடாது, குடிக்கக்கூடாதுன்னாங்க. தேய்க்கக்கூடாதுன்னு சொல்லலியே மேடம்."

"அத அங்க சொல்லித் தொலைச்சிருக்கலாமே. எதுக்குத் திருடினேன்னு ஒத்துக்கிட்ட?"

கன்னியப்பன் வாயைத் திறந்து காட்டினான். முன்வரிசையில் ஒரு பல் இல்லை. "போன வருஷம் சடுகுடுல போச்சு. எல்லம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் வாங்கிட்டா எம்பொண்டாட்டி சரோஜா, இனிமே கோட்டத் தாண்ட மாட்டேன்னு. பேக்கிங்லதான் வேல செய்யறா மேடம் அவ. திருடன்னா வேல போகும். சடுகுடுன்னா…" அவன் கம்பெனி இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தான். "வேல வேற எங்கயாவது கெடைக்கும்."

"அவகிட்ட நான் சொல்லலை. ஆனா நீ என்கூட வரணும்" என்றாள் கிரேசி. பிறகு பஸ்ஸை நிறுத்தக் குரல் கொடுத்தாள். "ஹோல்டான்."

திரும்பிப் போகிற பஸ் இல்லை. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. நாலு மணிக்கு இன்னும் அரைமணி இருக்கையில், வைக்கோல் உச்சியில் ஒரு எம்.எஸ்ஸி.யும் ஒரு சடுகுடு வீரனும் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரகடம் நோக்கிப் பறந்தார்கள். கிரேசியின் மடியில் ஸ்லைடு ரூல் இருந்தது. அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கன்னியப்பன் சத்தியத்தை மீறியதற்கு எல்லம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.

*

முதலாளியின் அம்பாசிடர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. முதலுதவி அறையில் கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நரசிம்மன் தாளோடு நின்றிருந்தார்.

"தலையில இன்னாம்மா வைக்கோல்?" என்றார் முதலாளி.

"லாரில வந்தேன் சார். கன்னியப்பன் மாத்திரை திருடலை. தைலம் தோல் வழியா ரத்தத்துல ஏறியிருக்கு."

நரசிம்மன் சிரித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். "இருபது வருஷமா தைலம் காய்ச்சறேன். தேய்ச்சா சூடு தெரியும், வலி போகும். தைலம் தோலோட சரி. ரத்தத்துல போறதாம். நாளைக்குக் காதுல அரிசி போட்டா வயிறு ரொம்பும்னு கணக்குப் போடுவியா?"

கிரேசி அவர் காலைப் பார்த்தாள். நரசிம்மனுக்கு முட்டிவலி. தினமும் காலையில் முதல் பாட்டிலை எடுத்து, தரம் பார்ப்பதாகச் சொல்லி, இரண்டு முட்டியிலும் முதுகிலும் கொட்டித் தேய்த்துக்கொள்வார். அது கம்பெனிக்கே தெரியும்.

"சார், இன்னிக்கு ஆஸ்பிரின் ஏதாவது முழுங்கினீங்களா?"

"மாத்திரை செய்யறவன் மாத்திரை முழுங்குவானா? கடிச்சுப் பாத்துத் துப்பிடுவேன்."

"இன்னிக்குக் கடிச்சீங்களா?"

"இந்த வாரமே கடிக்கலை. உன் ஆறு பேரோட கூத்துலதான் ஷெட்டே நிக்குதே."

"அப்ப உங்க ரத்தத்துல ஊதா வரக்கூடாது. ஒரு சொட்டுக் கூட."

முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார், சர்க்கஸில் முன்வரிசை கிடைத்தவர் மாதிரி.

"லூர்தம்மா, ஊசி எடும்மா."

"எனக்கா? சார், நான் மேனேஜர்" என்றார் நரசிம்மன்.

"ரத்தம் இருக்குதில்ல? போதும்."

நரசிம்மன் சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஆஞ்சநேயரைக் கூப்பிட்டார். லூர்தம்மாள், "இன்னும் குத்தவே இல்ல சார்" என்றாள்.

சுழல் இயந்திரத்தில் ரத்தம் சுழன்று தெளிந்துகொண்டிருந்தபோது, கிரேசி மேஜைமேல் நிறக் குழாய்களை வரிசையாக நிறுத்தினாள். நிறமே இல்லாததிலிருந்து கத்திரிப்பூ வரை. ஸ்லைடு ரூலை ஒருமுறை தள்ளினாள்.

"தினம் எவ்வளவு தைலம் சார் தேய்ப்பீங்க?"

"அரை பாட்டில்" என்றது கட்டிலில் படுத்திருந்த நரசிம்மனின் பலவீனமான குரல்.

"அப்ப இந்த நிறம் வரும்" என்று மூன்றாவது குழாயைத் தொட்டாள்.

லூர்தம்மாள் இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டினாள். ஒன்று. இரண்டு. முதலாளி மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

குழாயில் ஊதா பூத்தது. முதலில் புகை மாதிரி, பிறகு நிச்சயமாக. லூர்தம்மாள் அதைத் தூக்கி வரிசையில் வைத்தாள். மூன்றாவது இல்லை, அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான நான்காவது.

கிரேசியின் முகம் சுருங்கியது. "ஒண்ணு தள்ளி வந்திருக்கு. தேய்ச்சுட்டு மேல ஏதாவது சுத்துவீங்களா சார்?"

"வெந்நீர்ல முக்கி ஃபிளானல் துணி" என்றார் நரசிம்மன், தன் ரத்தத்தை நம்பமுடியாமல் பார்த்தபடி.

"அதான். சூடு பட்டா ஜன்னல் பெருசாத் தொறக்கும். அது என் கணக்குல இல்லை."

முதலாளி வெடித்துச் சிரித்தார். "யோவ் நரசிம்மா, மாத்திரையைத் திருடித் தின்னுட்டியாய்யா? டைப் அடிச்ச தாளு எங்க, பேரை மாத்தலாம்."

சிரிப்பு ஓய்ந்தபோது நரசிம்மன் எழுந்து உட்கார்ந்தார். தோற்றாலும் புத்தி வேலை செய்கிற மனிதர் அவர்.

"சரி, தைலம் ஏறுது. ஒத்துக்கறேன். தினம் அரை பாட்டில், வெந்நீர், ஃபிளானல், அத்தனைக்கும் எனக்கு நாலாவது குழாய். இவன் லைன்ல நிக்கறவன். கையில மட்டும் படும். இவன் குழாய் கடைசிக் குழாயைத் தாண்டிப் போயிருக்கே, எப்படி? தைலமும் ஏறியிருக்கு, மாத்திரையும் முழுங்கியிருக்கான். கேளுங்க இவளை."

எல்லோரும் கிரேசியைப் பார்த்தார்கள்.

கிரேசிக்கு விடை தெரியும். சொல்லமாட்டேன் என்று பஸ்ஸில் வாக்குக் கொடுத்தது நாக்கைக் கட்டியது. ஏனென்றால் வாசலில், மாத்திரை டப்பா ஒட்டுகிற பசை காயாத கையோடு, சரோஜா நின்றுகொண்டிருந்தாள். புருஷனைத் திருடன் என்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லைனை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"என் புருஷன் திருடமாட்டான் சார்" என்றாள் சரோஜா. "பொய் சொல்வான். சோம்பேறி. தூக்கத்துல ஒதைப்பான். திருடமாட்டான்."

கன்னியப்பன் அவளைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். களத்தில் ஒற்றையாகப் பாடிப் போகும்போது எதிரே ஏழு பேர் கையை விரித்து நிற்பதை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். இங்கே எதிரே நிற்பவள் ஒருத்திதான்.

"மேடம் சொல்லமாட்டாங்க. நானே சொல்றேன்" என்றான். "உடம்பு முழுக்கத் தேய்ச்சேன் சார். சுத்த எண்ண. உச்சந்தலைலேந்து. அப்புறம் பாய்லர் ரூம் பின்னாடி வெயில்ல ஆடினேன். சடுகுடு."

கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான், சற்று முன் நரசிம்மன் மூடியதுபோலவே.

கிரேசி அவசரமாகப் புகுந்தாள். "உடம்பு முழுக்க, வெயில், ஓட்டம். வரும்போதே கணக்குப் போட்டேன் சார். கடைசிக் குழாயைத் தாண்டும். முந்தின நாள் தேய்ச்சது ராத்திரியே இறங்கிடுச்சு, காலைல, தேய்க்கறதுக்கு முன்னாடி, கோட்டு மேலதான் இருந்தான். மாத்திரை ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. ஆறு பேருக்கும்."

ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதான் நாலு நாளா தலகாணியெல்லாம் தைல நாத்தம்" என்றாள் அவள் மெதுவாக. "லைன்ல எண்ண சிந்திச்சுன்னியே."

"சிந்திச்சு. கொஞ்சம் எம்மேலயும் சிந்திச்சு."

"கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணினியே."

"பண்ணேன்."

"எவங்கூட மேட்சு?"

"வல்லம் வடகாலு."

சரோஜாவின் புருவம் ஏறியது. "என் தம்பி தாண்டவராயன் டீமா?"

"அவன்தான் கேப்டனு."

"உன் பல்ல ஒடைச்சவன்."

"ஆமா."

அறையில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். லூர்தம்மாள் கையில் ஊசி வேறு இருந்தது.

"சார்" என்று சரோஜா முதலாளி பக்கம் திரும்பினாள். "வருஷம் பூரா என் வூட்ல வந்து குந்திக்கினு, என் கையாலயே சோறு துன்னுக்கினு, 'மாமா, கடலை உருண்ட கடிக்கிறியா?'ன்னு கேட்டுச் சிரிக்கிறான் சார் அந்தத் தம்பி. இந்தாளு வாயத் தொறக்காம குந்திக்கினு இருப்பாரு. நான்தான் சத்தியம் வாங்கினேன், அவரு இன்னா பண்ணுவாரு?" புருஷன் பக்கம் திரும்பினாள். "எல்லம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். போய் அவனத் தூக்கி இந்தப் பக்கம் போடு. தோத்துட்டு வந்தே, அந்தத் தைலத்தையே சோத்துல ஊத்துவேன்."

கன்னியப்பன் பல் போன இடம் தெரியச் சிரித்தான்.

முதலாளி டைப் செய்த தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். நிறக் குழாய்கள் ஆடுவதை நிறுத்தின.

"மாத்திரையைச் செய்ய ஆரம்பிங்க" என்றார். "பொண்ணு சொன்ன கணக்குலயே போடுங்க. கிரேசி, நீ அடுத்ததா அந்த ஜன்னலுக்கு ஒரு கணக்குப் போடும்மா. தோல்ல ஒட்டி வச்சா எவ்ளோ ஏறும், எவ்ளோ நேரம் ஏறும்னு. ஃபிளானலோட."

"அதுக்கு ஆள் வேணுமே சார்."

எல்லோரும் மெதுவாக நரசிம்மன் பக்கம் திரும்பினார்கள்.

"பால், முட்டை உண்டா?" என்று கேட்டார் நரசிம்மன்.

*

சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் படியிலேயே வழிமறித்தார். "பின்னாடி, பின்னாடி. நீயா? மறுபடியுமா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இப்படித்தான்" என்றாள் சரோஜா அவரை ஒதுக்கிக்கொண்டு. "அதுக்கப்புறம் சீயக்கா போட்டுத் தேய்ச்சு அனுப்பறேன். யோவ், நீ அந்த ஜன்னலோரம் குந்து."

கன்னியப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். காற்று உள்ளே வந்தது. கூட்டுரோட்டில் வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நின்றிருந்த கிரேசி அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். சரோஜா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"மேடம், உங்க கணக்குல எல்லாம் முன்கூட்டியே தெரியுமாமே. இந்தாளு ஜெயிப்பானா?"

"அன்னிக்கு எவ்வளவு எண்ணெய் தேய்ப்பாரு?"

"பாட்டிலு பாட்டிலா நானே தேய்ச்சு அனுப்புவேன்."

"அப்ப யாராலயும் பிடிக்க முடியாது" என்றாள் கிரேசி. "திங்கக்கிழமை மட்டும் எனக்குக் கொஞ்சம் ரத்தம் வேணும்."

பஸ் கிளம்ப வேண்டிய நேரம். கண்டக்டர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு விசில் ஊதப் பார்த்தார். துண்டு வழியாக விசில் வரவில்லை. டிரைவர் சிரித்துக்கொண்டே தானாகவே வண்டியை எடுத்துவிட்டார்.